ஒடுங்கிய அறையில் மாதிரி ரயில்: இடமும் திட்டமும்

மாதிரி ரயில் லேஅவுட் போட நினைப்பவர் முதலில் கணக்கிடுவது அறையின் பரப்பளவை. உண்மையில் அது பெரிதாக உதவாத அளவு. ஆறு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 2.45 மீட்டர் சதுரமாகவும் இருக்கலாம், 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமுமாகவும் இருக்கலாம். இரண்டிலும் பரப்பு ஒன்று. உள்ளே அமையக்கூடிய ரயில் பாதை ஒன்றல்ல. ரயில் பாதை இயல்பிலேயே நீண்டு ஒடுங்கியது. நிஜ ரயில் நிலையத்தின் அகலம் சில பத்து மீட்டர். நீளமோ அரைக் கிலோமீட்டர். ஆகவே நீளவாக்கில் ஒடுங்கிய அறை இந்தப் பொழுதுபோக்குக்குப் பாதகமானது என்ற எண்ணம் பாதிதான் சரி. பாதையை நேராக ஓட்டுவதற்கு அது நல்ல இடம். திருப்புவதற்குத்தான் கெட்ட இடம்.

பிரிட்டனில் ‘பாக்ஸ் ரூம்’ எனப்படும் மூன்றாவது சிறு படுக்கையறை பெரும்பாலும் இந்த 3 × 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். சிறிய இடத்தில் லேஅவுட் அமைக்கும் கலை விரிவாக வளர்ந்ததும் அந்த நாட்டில்தான். எனவே இங்கே அந்த அளவு அறையும் பிரிட்டிஷ் அளவு விகிதங்களுமே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

அளவு விகிதம்

பிரிட்டனில் மிகப் பரவலானது ஓ.ஓ. விகிதம், அதாவது 1:76.2. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலான எச்.ஓ. விகிதம் 1:87, அதற்கும் தண்டவாள இடைவெளி அதே 16.5 மி.மீ. தான். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ரயில் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட உருவத்தில் சிறியவை. தொடக்ககாலத்து மின்மோட்டார்களை 1:87 அளவிலான பிரிட்டிஷ் இன்ஜின் கூட்டுக்குள் அடக்க முடியவில்லை. எனவே கூட்டைப் பெரிதாக்கி, தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டார்கள். ஓ.ஓ. ரயில் இன்றுவரை தன் உடம்புக்குச் சற்றுக் குறுகலான பாதையில்தான் ஓடுகிறது.

இவற்றுக்குக் கீழே 12 மி.மீ. இடைவெளியுள்ள டி.டி., 1:120; 9 மி.மீ. இடைவெளியுள்ள ‘என்’; 1972இல் மெர்க்லின் நிறுவனம் கொண்டுவந்த 6.5 மி.மீ. ‘இசட்’, 1:220. ‘என்’ விகிதம் நாட்டுக்கு நாடு மாறும்: பொதுவாக 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானின் குறுகிய பாதை ரயில்களுக்கு 1:150. டி.டி. விகிதத்தை 2022இல் ஹார்ன்பி நிறுவனம் பிரிட்டிஷ் ரயில்களுக்குப் புதிதாக எடுத்துக்கொண்டது. சிறிய வீடுகளுக்கான நடுவழியாக அது பேசப்படுகிறது. ஆனால் வாங்கக் கிடைக்கும் வண்டிகளின் வகை ஓ.ஓ.வுக்கு அருகில்கூட வராது.

அறை சிறியது என்றால் உடனே ‘என்’ விகிதத்துக்குப் போய்விட வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. ஜப்பானில் அதுவே நடைமுறை. கட்டோ நிறுவனத்தின் முதல் ‘என்’ இன்ஜின் 1965இல் வந்தது. டோமிக்ஸ் நிறுவனம் 103, 140, 177 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளையே விற்கிறது; டிராம் வண்டிகளும் குட்டி இன்ஜின்களும் உணவு மேசை மீதே சுற்றிவரும். இருந்தாலும் விகிதம் சிறுத்தால் எல்லாமே சிறுக்கும் என்று கணக்குப் போட முடியாது. பாதை சுருங்கும், ஆள் சுருங்கமாட்டார். நடக்கும் இடைகழி, கை எட்டும் தூரம், கதவின் வீச்சு மூன்றும் எந்த விகிதத்திலும் ஒன்றே. ஒடுங்கிய அறைக்கான திட்டங்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

ரயிலின் நீளம்

முதல் முடிவு எடுக்க வேண்டியது ரயிலின் நீளத்தைப் பற்றி. அறை எவ்வளவு, வளைவு எவ்வளவு என்ற கேள்விகள் அதற்குப் பிறகு வந்தால் போதும். அமெரிக்கத் திட்ட வல்லுநர் ஜான் ஆம்ஸ்ட்ராங், விட்டுக்கொடுக்கவே முடியாதவற்றையும் கிடைத்தால் நல்லது என்பவற்றையும் முன்கூட்டியே இரண்டு பட்டியலாக எழுதச் சொன்னார். ஒடுங்கிய அறையில் முதல் பட்டியலின் முதல் வரி ரயில் நீளமாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 வகைப் பெட்டி ஓ.ஓ. விகிதத்தில் ஏறக்குறைய 265 மி.மீ. நிலக்கரி வண்டியோடு சேர்ந்த பெரிய நீராவி இன்ஜின் 250 மி.மீ. வரும். மூன்று பெட்டியும் ஓர் இன்ஜினும் சேர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. இந்த ரயில் ஒரு முனைய நிலையத்துக்கு வந்து, இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டித் திரும்ப வேண்டும். அதற்கு எதெல்லாம் தேவை? கழற்றிய இன்ஜின் நிற்க 270 மி.மீ.; அடுத்து ஒரு பாயின்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்), பெக்கோ நிறுவனத்தின் சிறிய ஆரப் பாயின்ட் என்றால் 185 மி.மீ.; மூன்று பெட்டிக்கு 800; மறுபுறம் இன்னொரு பாயின்ட் 185. நிலையமே 1,440 மி.மீ. ஆயிற்று. ரயில் ‘வேறு ஊருக்கு’ப் போய் நிற்க வேண்டிய மறைவிடத்துக்கு இன்னும் 1,100. மொத்தம் 2,540. மூன்று மீட்டர்ச் சுவரில் மீதியிருப்பது 460 மி.மீ.; ரயில் நிலையத்தை விட்டு முழுதாக வெளியேறும் முன்பே மறைவிடத்துக்குள் தலை நுழைந்துவிடும். ஓடுவதைப் பார்க்கவே முடியாத ரயில்.

அதையே இரண்டு பெட்டியும் ஒரு சிறிய டேங்க் இன்ஜினுமாகக் குறைத்தால் நிலையம் 1,070, மறைவிடம் 700 என்று மொத்தம் 1,770 மி.மீ. ஆகிறது. ஒன்றேகால் மீட்டர் திறந்த பாதை கிடைக்கிறது. ஒரு பெட்டியைக் கைவிட்டு இன்ஜினையும் சிறிதாக்கியதற்கு இவ்வளவு லாபம் எப்படி? ரயிலின் நீளம் இந்தக் கணக்கில் இரண்டு முறை வருகிறது, நிலையத்தில் ஒரு முறை, மறைவிடத்தில் ஒரு முறை. இருபுறமும் ஓட்டுநர் அறை உள்ள டீசல் ரயில் கார் அல்லது இரட்டைப் பெட்டித் தொடரை ஓட்டினால் இன்ஜினைச் சுற்றிக் கொண்டுவரும் வேலையே இல்லை. இரண்டு பாயின்ட்டும் இன்ஜின் நிற்கும் இடமும் மிச்சம். மூன்று பெட்டி ரயிலேதான் வேண்டும் என்பவர் ‘என்’ விகிதத்தை எடுத்தால், 2,540 மி.மீ. கேட்ட அதே அமைப்பு சுமார் 1.3 மீட்டரில் முடிந்துவிடும்.

இந்திய ரயில்களை மாதிரியாகச் செய்ய விரும்புவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் முழு நீளம் ஏறக்குறைய 24 மீட்டர், எச்.ஓ. விகிதத்தில் 276 மி.மீ. இருபத்திரண்டு பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸ் ரேக்கை உள்ளபடியே செய்தால் ஆறு மீட்டருக்கு மேல் வரும். 3 மீட்டர் அறையைப் போல இரு மடங்கு. சில பெட்டிகளே கொண்ட பாசஞ்சர் ரயிலோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வளைவு

நீளத்தை ரயில் தீர்மானிக்கிறது என்றால் அகலத்தைத் தீர்மானிப்பது வளைவின் ஆரம். ஹார்ன்பி நிறுவனத்தின் ஆயத்தத் தண்டவாளங்கள் 371, 438, 505, 572 மி.மீ. என நான்கு ஆரங்களில் வருகின்றன. 371 மி.மீ. வளைவில் இன்றைய பெரிய இன்ஜின்கள் பல ஓடா, 438 மி.மீ. குறைந்தபட்சம் என்று உற்பத்தியாளர்களே எழுதுகிறார்கள். ஓடுவது வேறு, பார்க்க நன்றாயிருப்பது வேறு. அமெரிக்கத் திட்டக்காரர்களிடையே ஒரு விதி வழங்கிவருகிறது: மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ரயில் நம்பகமாக ஓடும், நான்கு மடங்கு இருந்தால் வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து பார்க்கவும் அழகாயிருக்கும், ஐந்து மடங்கு இருந்தால் வளைவிலேயே பெட்டிகளை மாட்டவும் கழற்றவும் முடியும். 265 மி.மீ. பெட்டிக்கு மூன்று மடங்கு என்பது 795 மி.மீ. கடையில் விற்கும் 438 மி.மீ. அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. பெட்டிகளுக்கு இடையே பெரிய சந்து விட்டு, இணைப்புக் கொக்கியை அகலமாக ஆடவிட்டுத்தான் உற்பத்தியாளர்கள் அங்கே ரயிலை ஓடவைக்கிறார்கள்.

இனி அறையைப் பார்க்கலாம். 438 மி.மீ. ஆரத்தில் ஒரு முட்டை வடிவப் பாதையைப் பலகையில் போட்டால், விளிம்பு ஒதுக்கம் சேர்த்துப் பலகையின் அகலம் ஒரு மீட்டர். இரண்டு மீட்டர் அறையில் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் நிற்க இடம் கிடைக்கும். அப்போது பின்பக்கத் தண்டவாளம் கைக்கு எட்டாது. வசதியாகக் கை எட்டுவது 60 செ.மீ., எட்டி வளைந்தால் 75. மூலையில் தடம்புரண்ட வண்டியை எடுக்க முன்வரிசைக் கட்டடங்கள் மேல் சாய வேண்டிவரும். 8 × 4 அடி பிளைவுட் பலகையை அப்படியே மேசையாக்கும் வழக்கம் பல கையேடுகளில் உண்டு. இந்த அறைக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

பாதையைச் சுவர்களை ஒட்டி ஓட்டினால் கணக்கே மாறுகிறது. மேசையில் வளைவுக்கு உள்ளே இருப்பது பலகை; சுவரோரப் பாதையில் வளைவுக்கு உள்ளே இருப்பது ஆள். அறையின் முழு அகலமும் வளைவுக்குக் கிடைக்கிறது. சுவரிலிருந்து 80 மி.மீ. தள்ளித் தண்டவாளம் போட்டால் 2 மீட்டர் அகலத்தில் 920 மி.மீ. ஆரம்வரை போகலாம், பெட்டி நீளத்தைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதோடு உள்ளிருந்து பார்க்கும்போது பெட்டிகளுக்கு இடையிலான சந்து குறைந்து தெரிவதால், வளைவு உள்ளதைவிட மென்மையாகத் தோன்றும். ஒடுங்கிய அறையின் உண்மையான வசதி இதுதான். நடுவில் மேசை போடுவோர் அதை முழுதாக இழக்கிறார்கள்.

அறைக்குள் நான்கு அமைப்புகள்

எளிமையானது நீளச் சுவரில் ஒரே அலமாரித் தட்டு: 3 மீட்டர் நீளம், 35 முதல் 45 செ.மீ. ஆழம். அறையின் மற்றப் பகுதியில் கட்டிலும் மேசையும் இருக்கலாம். ஒரு முனையில் நிலையம், மறுமுனையில் மறைவிடம். மேலே சொன்ன கணக்கின்படி ஓ.ஓ. விகிதத்தில் இரண்டு பெட்டி ரயிலுக்கு இது போதும்.

அதைக் குறுக்குச் சுவருக்கும் நீட்டினால் ‘ட’ வடிவம். சுமார் நாலரை மீட்டர் பாதை கிடைக்கிறது. மூலையில் 600 மி.மீ. ஆரம் தாராளமாக அமையும். நிலையத்தை நீளச் சுவரிலும் மறைவிடத்தைக் குறுக்குச் சுவரிலும் வைத்தால், மூலை வளைவு முழுவதும் இயற்கைக் காட்சிக்குக் கிடைக்கிறது. இடமும் பலனும் ஒத்துப்பார்த்தால் நான்கு அமைப்புகளிலும் இதுவே சிறந்தது. செலவு குறைவு, கதவைத் தொடுவதில்லை, ரயில் ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று சுவர்களிலும் போனால் ‘ப’ வடிவம். இருபுறமும் 40 செ.மீ. தட்டு வைத்தாலும் நடுவில் 1.2 மீட்டர் இருக்கும். ஒருவருக்கு 60 செ.மீ. இடைகழி போதும், இருவர் ஒருவரையொருவர் கடக்க 90 வேண்டும் என்பது பொது வழக்கு; ஆக நெருக்கடி இல்லை. இரு முனைகளிலும் இரண்டு நிலையங்கள் வைக்கலாம், அல்லது ஒன்றை மறைவிடமாக்கலாம்.

நான்காவது, கதவையும் கடந்து அறையைச் சுற்றிவரும் வளையம். சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி, மூலைகளில் 600 மி.மீ. ஆரத்தோடு அளந்தால் ஒரு சுற்று ஏழரை மீட்டர். ஓ.ஓ. விகிதத்தில் அது நிஜத்தின் 570 மீட்டருக்குச் சமம்; பிரிட்டிஷ் ‘என்’ விகிதத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ரயில் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆசைப்படுபவருக்கு இதுதான் வழி. அந்த ஆசையைத் தாழ்வாகப் பேசும் வல்லுநர்கள் உண்டு. தேவையில்லாத கர்வம் அது.

சுவரிலிருந்து அறையின் நடுவே நீளும் தீபகற்பம் பெரிய லேஅவுட்களின் வழக்கமான உத்தி. அதன் முனையில் ரயில் அரைவட்டமாகத் திரும்ப 438 மி.மீ. ஆரத்திலும் ஒரு மீட்டர் அகலம் வேண்டும். இருபுறமும் இடைகழிக்கு 60 செ.மீ. வீதம் சேர்த்தால் சுவரோரத் தட்டுகள் இல்லாமலே 2.2 மீட்டர் ஆகிவிடும். ‘என்’ விகிதத்தில் 263.5 மி.மீ. ஆரத்துக்குத் தீபகற்பம் 63 செ.மீ. ஆகச் சுருங்கினாலும், இடைகழிகளும் சுவரோரத் தட்டுகளும் சேர்ந்தால் மீண்டும் 2 மீட்டரைத் தாண்டுகிறது. இந்த அறையில் தீபகற்பம் இல்லை என்று முடிவு கட்டிவிடலாம்.

கதவு தனிப் பிரச்சினை. உள்நோக்கித் திறக்கும் கதவு அறையில் முக்கால் மீட்டர் ஆழத்துக்கு இடத்தைத் தின்றுவிடும். அதை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றுவது தச்சருக்கு அரை நாள் வேலை, லேஅவுட்டுக்கு அரை மீட்டர் லாபம். வளையம் கதவைக் கடக்கும் இடத்தில் கழற்றி எடுக்கும் துண்டு, கீல் வைத்துத் தூக்கும் பாலம், குனிந்து நுழையும் நிலையான பலகை என மூன்று வழி உண்டு. குனிந்து நுழைவது இளமையில் சிரமமாகத் தெரியாது. அறுபது வயதில் அதே லேஅவுட்டைக் கைவிட அது காரணமாகிவிடும். தூக்கும் பாலம் வைத்தால், அது திறந்திருக்கும்போது இருபுறமும் அரை மீட்டருக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் நிற்கும்படி ஒரு சிறு சுவிட்ச் பொருத்துவது கட்டாயம். இல்லாவிட்டால் இன்ஜின் தரையில் விழும். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த இன்ஜின் பெரும்பாலும் மீண்டும் ஓடுவதில்லை.

மறைவு யார்டு

சிறிய லேஅவுட்டைப் பெரிதாக்குவது கண்ணுக்குத் தெரியாத பகுதி. அதை ‘ஃபிடில் யார்டு’ என்பார்கள். நாடக மேடையின் பக்கத் திரை போன்றது அது: ரயில் அங்கே மறைந்தால் லண்டனுக்குப் போயிற்று, அங்கிருந்து தோன்றினால் லண்டனிலிருந்து வந்தது. கையால் வண்டிகளை மாற்றி அடுக்கி, அடுத்த ரயிலை அங்கே தயார் செய்யலாம்.

அதைச் சாதாரணப் பாயின்ட்களால் கட்டினால் நீளம் வீணாகும். நான்கு லைன் வேண்டுமானால் மூன்று பாயின்ட் ஏணிபோல வரிசையாக வரும், 185 மி.மீ. வீதம் 555 மி.மீ. அதற்கே போய்விடும், ஒரு வண்டி நிற்கும் முன்பே. ஒடுங்கிய அறைக்கு ஏற்றது பாயின்ட் இல்லாத வழிகள். ஒன்று டிராவர்ஸர்: பல லைன்கள் பதித்த பலகை பக்கவாட்டில் நகர்ந்து, வேண்டிய லைனைப் பாதைக்கு நேராகக் கொண்டுவரும். ரயில்வே பணிமனைகளில் பெட்டிகளை ஒரு லைனிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் சாதனத்தின் சிறிய வடிவம்தான். இரண்டாவது செக்டர் பிளேட். ஒரு முனை ஊன்றியிருக்க, மறுமுனை விசிறிபோல நகரும். மூன்றாவது கேசட்: ‘எல்’ வடிவ அலுமினியப் பட்டைகள் இரண்டைத் தண்டவாளமாகக் கொண்ட மரத் தட்டு. ரயிலைத் தட்டோடு தூக்கி அடுக்கில் வைத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். திருப்பி வைத்தால் இன்ஜினும் திரும்பிவிடும். மூன்றுமே ரயிலின் நீளத்துக்கு மேல் கேட்பதில்லை. டிராவர்ஸர் பக்கவாட்டு அகலம் கேட்கும் என்பதால் 40 செ.மீ. தட்டில் நான்கு லைனுக்கு மேல் வைப்பது கஷ்டம். கேசட்டுக்கு அந்தத் தடையும் இல்லை. ஆனால் நீளமான ரயிலைக் கையில் தூக்கித் திருப்ப அறையின் அகலமே போதாமல் போகலாம்.

பீட்டர் டென்னி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தம் ‘பக்கிங்ஹாம்’ லேஅவுட்டுக்கு, மறைவு யார்டைத் தானாக இயக்க ஒரு இயந்திரமே செய்து, தம் மகன் பெயரால் அதற்கு ‘ஆட்டோமேடிக் கிறிஸ்பின்’ என்று பெயரிட்டார். யார்டில் வேலை செய்துவந்த கிறிஸ்பினின் இடத்தை அது எடுத்துக்கொண்டது.

சிறு இடத்துக்கென்றே பிறந்த வரைபடங்கள்

1950 முதல் 1978 வரை ‘ரெயில்வே மாடலர்’ இதழின் ஆசிரியராயிருந்த சிரில் ஃப்ரீசர் சிறிய இடங்களுக்கென்றே நூற்றுக்கணக்கில் வரைபடம் போட்டவர். அவற்றில் இன்றும் கட்டப்படுவது 1957இல் வந்த ‘மினரீஸ்’. பெயர் லண்டன் மாநகரின் ஒரு தெருவினுடையது. இரட்டைப் பாதை மூன்று நடைமேடை விளிம்புகளுக்குப் பிரியும் நகர முனையம் அது. அதன் நுட்பம் நுழைவாயில் பாயின்ட்களின் வரிசையில் இருக்கிறது. சாதாரணமாக இரண்டு பாயின்ட்களை முகத்துக்கு முகம் வைத்தால் ரயில் ‘எஸ்’ போல நெளிந்து போகும். பெட்டிகளின் மோதுதாங்கிகள் ஒன்றோடொன்று சிக்கும். ஃப்ரீசர் பாயின்ட்களை அடுக்கிய விதத்தில் பெரும்பாலான வழிகளில் அந்த நெளிவு குறைந்துவிடுகிறது. ஆகவே குட்டையான இடத்திலும் நீளமான பெட்டிகள் ஒழுங்காகப் போகின்றன. வந்த இன்ஜின் சுற்றிப்போக அங்கே லைனும் இல்லை. அது தடுப்பு முனையில் அடைபட்டு நிற்க, வேறோர் இன்ஜின் பின்னால் வந்து மாட்டி ரயிலை வெளியே இழுக்கும். அதன் பிறகே முதல் இன்ஜினுக்கு விடுதலை. நெருக்கடியான நகர முனையங்கள் நிஜத்திலேயே அப்படித்தான் இயங்கின. மேலே கணக்கில் வந்த உள்முனைப் பாயின்ட்டின் 185 மி.மீ. இதனால் மிச்சமாகிறது.

நிஜ நிலையங்களிலும் இடம் மிச்சப்படுத்தும் தந்திரங்கள் இருந்தன. 1953இல் மூடப்பட்ட வைட் தீவின் பெம்பிரிட்ஜ் நிலையத்தில் நடைமேடை முனையில் பாயின்ட்டுக்குப் பதிலாக ஒரு சிறு சுழல்மேடை இருந்தது. இன்ஜின் அதில் ஏறி, திரும்பி, பக்கத்து லைனில் இறங்கும். மாதிரியில் இதைச் செய்தால் 185 மி.மீ. மிச்சம், யாரும் கற்பனை என்று குறை சொல்லவும் முடியாது.

சரக்கு வண்டிகளை மட்டும் விரும்புவோருக்கு ஆலன் ரைட்டின் ‘இங்கிள்நுக்’ இருக்கிறது. மூன்று சைடிங்: ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மூன்று மூன்று. முன்னால் இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க இடம். எட்டு வேகன்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த வரிசையிலேயே கோத்துத் தர வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720. இரண்டே பாயின்ட், குட்டையான பிரிட்டிஷ் வேகன்களோடு ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். அமெரிக்கரான ஜான் ஆலன் 1972இல் வெளியிட்ட ‘டைம்சேவர்’ அதைவிடக் கடினமான புதிர். ஆனால் அது புதிர் மட்டுமே. எந்த நிஜ ரயில்வேயும் தன் ஷன்டிங் யார்டை அவ்வளவு வேண்டுமென்றே சிக்கலாக்காது. இங்கிள்நுக்கைச் சுற்றி ஓர் ஊரைக் கற்பனை செய்ய முடியும், டைம்சேவரைச் சுற்றி முடியாது.

மலை ரயில்கள் இதில் தனி வாய்ப்பு. அவற்றின் பாதையும் குறுகல், பெட்டியும் குட்டை, வளைவும் கடுமை. 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் குறுகிய பாதை மாதிரிகள் 228 மி.மீ. வளைவில்கூட இயல்பாகத் தெரியும். நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு மீட்டர் கேஜுக்கு எச்.ஓ. விகிதத்தில் 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையச் சரியாக வரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூரில் இன்ஜின் மாறும். நான்கைந்து பெட்டி ரயில், இன்ஜின் மாற்றும் நிலையம், ஒருபுறம் பள்ளம், மறுபுறம் தேயிலைச் சரிவு என ‘ட’ வடிவத் தட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஓர் ஊரில் இருக்கிறது. எச்.ஓ. தண்டவாளத்தில் இந்திய அகலப் பாதையைக் காட்டுவதில் உள்ள பொய்யும் இதில் இல்லை, 16.5 மி.மீ. என்பது எச்.ஓ.வில் 1,435 மி.மீ. பாதைக்கானது, இந்திய அகலப் பாதை 1,676.

ஏற்றம், காட்சி

பாதை பாதையின் மேல் தாவிப்போகும் எட்டு வடிவம் பலருக்குக் கனவு. ஓ.ஓ. விகிதத்தில் ஒரு பாதை மற்றொன்றைக் கடக்கச் சுமார் 75 மி.மீ. உயரம் வேண்டும். 1:40 ஏற்றத்தில் அதற்கு 3 மீட்டர் பாதை செலவாகும், அதாவது நீளச் சுவர் முழுவதும். இறங்க இன்னொரு 3 மீட்டர். ஒரு பாதை ஏற மற்றது இறங்கினால் பாதியாகக் குறையும், அவ்வளவுதான். சமதளத்தில் ஓட்டிவிட்டு, தரையைத் தாழ்த்தி ஆற்றுப் பாலம் வைப்பது இதைவிட நல்ல காட்சி தரும்.

ஒடுங்கிய தட்டு ஒடுங்கியதாகத் தெரியாமலிருக்கச் சில வழிகள் பயன்படுகின்றன. தண்டவாளத்தைத் தட்டின் விளிம்புக்கு இணையாகப் போடாமல் மூன்று முதல் ஐந்து டிகிரி சாய்த்தால் கண் விளிம்பை மறந்துவிடும். பின்சுவரில் முழுக் கட்டடங்கள் வைக்காமல் 40 மி.மீ. ஆழத்துக்கு முகப்பை மட்டும் வைத்தால் ஒரு தெருவே அடங்கும். ரயில் மறைவு யார்டுக்குள் நுழையும் ஓட்டையைச் சுரங்கமாக்குவது வழக்கம். தட்டையான நகரப் பகுதியில் சுரங்கம் பொருந்தாது, சாலை மேம்பாலமே சரி. பின்திரை அறை மூலைகளில் மடங்காமல் வளைந்து போக வேண்டும். மடிப்புக்கோடு ஒன்று வானத்தில் தெரிந்தாலே மற்ற உழைப்பெல்லாம் வீண்.

பலகை, மின்சாரம், ஒத்திகை

தட்டின் உயரம் 1.1 முதல் 1.3 மீட்டர் வரை இருந்தால் ரயிலை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கலாம்; கீழே மேசையோ கட்டிலோ வைக்கலாம். உயரம் கூடக்கூடக் கை எட்டும் ஆழம் குறையும் என்பதால் 45 செ.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட்டை 1.2 மீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டிச் சட்டமடிப்பது நல்லது. வீடு மாறும்போது ஒடுங்கிய அறையின் கதவு வழியாகவும் மாடிப்படித் திருப்பத்திலும் அவை வெளியேற வேண்டும்.

மின்சாரத்தில் இந்த அளவு லேஅவுட்டுக்கு ஆடம்பரம் வேண்டாம். ஒரே நேரத்தில் ஓர் இன்ஜின் ஓடும் கிளைப்பாதை முனையத்துக்குச் சாதாரண நேர்மின் கன்ட்ரோலரும் சில சுவிட்சுகளும் போதும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறை, மினரீஸ் போல ஒரே நடைமேடையில் இரண்டு இன்ஜின்கள் நிற்கும் இடத்தில்தான் தன் விலைக்கு ஈடுகொடுக்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை, 3 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி உயர்வில் ஒரு மி.மீ. நீளும், ஈரத்தில் உப்பிச் சுருங்கும் மரம் அதைவிடத் தொல்லை தரும். இணைப்புகளில் மயிரிழை சந்து விட்டு, பிளைவுட்டின் ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசுவது அதற்கு மருந்து.

திட்டங்கள் பொய்ப்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். கையால் வரையும்போது பாயின்ட்டை யாரும் அதன் உண்மையான நீளத்துக்கு வரைவதில்லை, 185 மி.மீ. பாயின்ட் தாளில் 120 ஆகச் சுருங்கி, வரைந்தவருக்கே தெரியாமல் இன்னொரு சைடிங்குக்கு இடம் கொடுத்துவிடும். எனிரெயில், ஸ்கார்ம் போன்ற கணினி மென்பொருள்கள் அந்த ஏமாற்றத்தைத் தடுக்கின்றன. பெக்கோ நிறுவனம் தன் பாயின்ட்களின் உண்மை அளவு வார்ப்புருக்களை அச்சிட்டுக்கொள்ளும் வடிவில் தருகிறது. அவற்றை நீளமான காகிதச் சுருளில் ஒட்டி, தட்டு வரவிருக்கும் இடத்தில் விரித்து, கையிலுள்ள பெட்டிகளையும் இன்ஜினையும் அதன்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றிப்போக இடம் இருக்கிறதா, கதவு திறக்கிறதா, கடைசி வேகனுக்குக் கை எட்டுகிறதா என்ற மூன்றுக்கும் விடை அங்கேயே தெரிந்துவிடும். ஆணி அடிப்பதும் பசை ஊற்றுவதும் அதற்குப் பிறகு.